கணித மேதை இராமானுஜன்

சீனிவாச இராமானுஜனைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் 1729 என்னும் எண்ணின் கதையைச் சொல்லி அமைவர். நாம் அதனை விடுத்து, அவர் உழைத்துக் கண்ட வேறு சில பேரெண்களை எடுத்துக்கொள்வோம்.

1887ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி ஈரோட்டிலே பிறந்து கும்பகோணத்திலே வளர்ந்தவர் இராமானுஜன். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளே தமது கணிதப் பேறு என்பது அவர் நம்பிக்கை. கணிதமொன்றையே கருதி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையாற் கல்லூரியிலே புலமைப்பரிசிலை இழந்தார். கடதாசிக்குப் பொருளின்றிக் கற்பலகையிற் கணக்கிட்டார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாவுக்கு எழுதுவினைஞரானார். 1913இல் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவரைக் கடல் கடக்கச் செய்தது. 1914இல் கேம்பிறிட்ஜ் சேர்ந்தார்; அவ்வாண்டிலேயே உலகப்போர் மூண்டது. மரக்கறியுணவைத் தாமே சமைத்துண்டு ஆராய்ச்சியில் அமர்ந்தார்.

அவ்வாராய்ச்சிகளுள் ஒன்று காரணிகளைப் பற்றியது. 12ஐ மீதியின்றி வகுப்பன 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் நான்கின் மேற் காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னிற் சிறிய எல்லா எண்களினும் கூடிய காரணிகளையுடையதை மிகுகாரணியெண் எனலாம். 24, 36, 48, 60 என்பனவும் அவ்வினத்தனவே. நாளை 60 நாழிகையாக வகுத்த நம் முன்னோர் இவ்வெண்ணின் வசதியை அறிந்திருந்தனர் போலும்!

இவ்வெண்களை முதன்மை எண்களாகப் பிரித்தால், ஈற்றில் நிற்கும் பெரிய முதன்மை எண் ஒருமுறையே வரும். 4, 36 ஆகிய இரண்டுமே விலக்கு. இதனை நிறுவியதோடமையாது, கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் 102 எண்களை அட்டவணைப்படுத்தினார். அதன் ஈற்றெண் 6746328388800. ஆறு முறை 2, நான்கு முறை 3, இரு முறை 5, இரு முறை 7, பின்னர் 11, 13, 17, 19, 23 என்பன ஒவ்வொரு முறை என்று பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். அந்த முறைகள் ஒவ்வொன்றுடனும் ஒன்று கூட்டி, 7×5×3×3×2×2×2×2×2 எனப் பெருக்கினாற் காரணிகளின் தொகை 10080 ஆகும்.

ஓரெண் மாத்திரம் அவர் கண்ணுக்குத் தப்பியது. அது 293318625600, காரணிகள் 5040. அதனை 23ஆற் பெருக்கினால் வருவது அட்டவணையின் ஈற்றெண்ணே! எல்லாம் அருளினால் தாமாகவே தோன்றின என்போர் இதனைச் சொல்லாது விடக்கூடும். நமக்கோ, அவர் ஒவ்வோரெண்ணாகக் கைப்படத் தேடினார் என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டுவதில்லை. பக்தி அவ்வுழைப்பைக் குறைக்கவில்லை.

இக்கட்டுரையை இலண்டன் கணிதச் சங்கம் 1915இல் வெளியிட்டது. சங்கத்துக்கு அப்பொழுது பணமுடை. ஆகவே செலவு கருதி ஒரு பகுதியை இராமானுஜன் நிறுத்திவைத்தார். வெளிவந்த பகுதிக்கே 1916இற் பட்டம் கிடைத்தது. 1917இல் நோய் பற்றியது. 1918இல் றோயல் சங்க உறுப்பினரானார். 1919இல் தாயகம் மீண்டு, 1920 ஏப்பிரில் 26ஆந் திகதி, 32ஆம் வயதிற் சென்னையிலே மறைந்தார். அவர் நிறுத்திவைத்த பகுதி 1997இலேதான் அச்சேறியது.