காட்டுக்காக உயிர் ஈந்த ரப்பர் தொழிலாளி

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

எங்கள் குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் சென்றால் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம். விடியற்காலையில் பட்டையைச் சாய்வாகச் சீவிவிட, வெண்ணிறப் பால் சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் வடியும். இம்மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் மழைக்காடு. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டு சென்றார். அவற்றில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன. அந்தத் தாயகக் காட்டைக் காக்கத் தம் உயிரையே ஈந்த சிக்கோ மென்டிஸின் வாழ்க்கையை இங்கே கூற விரும்புகிறேன்.

சிக்கோ மென்டிஸ் 1944ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் பிரேசில் நாட்டின் ஆக்ரே மாநிலத்தில், ஷாபுரி என்ற சிற்றூரை அடுத்த காட்டில் பிறந்தார். தந்தையார் ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளி. சிறு வயதிலேயே சிக்கோவும் தந்தையுடன் அத்தொழிலுக்குச் சென்றார். பள்ளிக்கூடம் கிடையாது. தொழிலாளர்களின் பிள்ளைகள் எழுத்தறிந்தால் கணக்கில் நடக்கும் மோசடி வெளிப்பட்டுவிடும் என்று முதலாளிகள் அஞ்சினார்கள்.

சுமார் பதினெட்டு வயதில்தான் அவருக்கு எழுத்து வாய்த்தது. காட்டில் மறைந்து வாழ்ந்த யூக்ளிடஸ் தாவோரா என்பவரிடம் வார இறுதிகளில் காட்டுவழியே நடந்து சென்று, பழைய செய்தித்தாள்களைக் கொண்டு படிக்கக் கற்றார். அந்தக் கல்வியே பின்னர் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு வழிகாட்டியது.

அமேசான் காட்டில் ரப்பர் மரங்கள் நம் தோட்டங்களைப் போல் அடுத்தடுத்து நிற்பதில்லை. நெருக்கமாக நட்டால் ஒரு பூஞ்சை நோய் இலைகளைத் தாக்கி அழித்துவிடும். எனவே அவை மற்ற மரங்களின் நடுவே தள்ளித் தள்ளி வளர்கின்றன. முழுக் காடும் நின்றால்தான் தொழிலாளிக்குப் பிழைப்பு உண்டு. பால் எடுப்பதால் மரமும் சாவதில்லை.

1970களில் பிரேசில் அரசு சாலைகள் போட்டு, மாட்டுப் பண்ணைகளுக்குச் சலுகைகள் வழங்கியது. பண்ணையார்கள் காட்டை வெட்டித் தீயிட்டனர். மழைக்காட்டின் வளம் பெரும்பாலும் மண்ணில் இல்லை. மரங்களிலும் உதிர்ந்து மக்கும் இலைகளிலுமே உள்ளது. ஆகவே எரித்த நிலத்தில் சில ஆண்டுகள் புல் வளரும். பிறகு மண் மெலிந்துவிடும். மரங்கள் வெளிவிடும் நீராவியும் குறைவதால் மழையும் குறையும்.

சிக்கோ தொழிலாளர்களை ஒன்று திரட்டினார். ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் ஆயுதமின்றிச் சென்று, மரம் வெட்டுவோர்முன் நின்று வேலையை நிறுத்தும்படி வேண்டினர். 1980ஆம் ஆண்டு அவருடைய தோழரும் சங்கத் தலைவருமான வில்சன் பின்யேரோ கொலையுண்டார். அதன்பின்னும் சிக்கோ பின்வாங்கவில்லை. 1985இல் தலைநகர் பிரசிலியாவில் ரப்பர் தொழிலாளர் தேசிய மாநாட்டைக் கூட்டினார். காட்டை வேலியிட்டுப் பூட்டாமல், அதில் வாழ்வோர் ரப்பரும் பிரேசில் கொட்டையும் எடுத்துப் பிழைத்துக்கொண்டே காக்கும் காப்பகங்கள் வேண்டும் என்ற கோரிக்கை அங்கே எழுந்தது. 1987இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் விருது அவரைத் தேடி வந்தது.

புகழோடு கொலை மிரட்டலும் வந்தது. 1988ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் மாலை, தம் வீட்டின் பின்கதவைத் திறந்தபோது சுடப்பட்டு இறந்தார். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மூன்றே நாட்கள் இருந்தன. மனைவியும் இரு சிறு குழந்தைகளும் அப்போது வீட்டில் இருந்தனர். 1990இல் ஒரு பண்ணையாருக்கும் அவர் மகனுக்கும் நீதிமன்றம் 19 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

அதே ஆண்டு அவர் பெயரால் சுமார் 9,70,000 ஹெக்டேர் காடு காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அவருடன் போராடிய மரீனா சில்வா, பதினாறு வயதுவரை எழுதப் படிக்க அறியாத ரப்பர் தொழிலாளியின் மகள். அவர் 2003இல் பிரேசிலின் சுற்றுச்சூழல் அமைச்சரானார்.

ஆனால் அந்தக் காப்பகத்துக்குள்ளும் மாடு வளர்ப்புக்காக மரம் விழுவது இன்னும் ஓயவில்லை. சிக்கோ தொடங்கிய பணி முடிந்துவிடவில்லை.

தோழியரே, நமக்குக் கல்வி எளிதாகக் கிடைத்துவிட்டது. பழைய செய்தித்தாளில் எழுத்துக் கூட்டிப் படித்த அந்தத் தொழிலாளி, தாம் கற்றதைப் பிறருக்காகவே பயன்படுத்தினார். நாம் கற்பதை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று எண்ணிப் பார்ப்போமாக!