பொறியின் உள்ளம் அறிந்த ஜி. டி. நாயுடு



ரிங்லெட் மேட்டில் காய்கறி லோரிகள் உறுமிக்கொண்டு ஏறுவதை நாள்தோறும் காண்கிறீர்கள். அவ்வுறுமல் எங்கிருந்து வருகிறது என்று எண்ணியதுண்டா? அவ்வாறு எண்ணிய ஒருவரின் வரலாறு இது.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், உழவர் குடும்பத்தில் ஜி. டி. நாயுடு பிறந்தார். அவரது பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. இளமையில் ஒருநாள், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளில் வரக் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடிய அவ்வண்டி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கோவைக்குச் சென்று, உணவு விடுதியில் பரிமாறும் பணி செய்து, காசு காசாகச் சேர்த்து, அதனை வாங்கினார். ஊர் சுற்றி மகிழ்வதோடு நின்றாரில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மீண்டும் பூட்டிக் கற்றார்.

அதனுள் ஓர் இரும்பு உருளையும், அதில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனும் உண்டு. பிஸ்டன் கீழிறங்கும்போது பெட்ரோல் ஆவியும் காற்றும் உள்ளே வரும். மேலேறும்போது அவை அமுக்கப்படும். உடனே தீப்பொறி பட்டு எரிந்து, பிஸ்டனை வேகமாய்க் கீழே தள்ளும். மீண்டும் மேலேறுகையில் புகை வெளியேறும். இந்நான்கு செயல்களுள் மூன்றாவது ஒன்றே வலிமை தருவது. ஏனைய மூன்றும் அதற்குத் துணை. லோரியின் டீசல் இயந்திரத்திலும் இந்நான்கே நிகழ்கின்றன. ஆனால் அங்கே தீப்பொறி இல்லை. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பமே எண்ணெயைப் பற்றவைக்கிறது.

இவ்வறிவே அவரை உயர்த்தியது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் எனப் பெருநிறுவனமாக வளர்ந்தது. 1937இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே மின்மோட்டார் உருவாக்கினர். 1952இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை வடிவமைத்தார். அரசின் உரிமம் கிடைக்காமையால் அக்கார் சாலைக்கு வரவில்லை. எனினும் அவர் சோர்ந்தாரில்லை. 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார்.

பெற்றோர்களே! மூன்றாம் வகுப்போடு நின்றவர் பெரியவரானாரே, நம் பிள்ளைக்குப் பள்ளி எதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். தாம் பெறாத கல்வியைப் பிறர் பெற வேண்டுமென்று, 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றத் துணைநின்றவரும் அவரே.

மாணவர்களே! ஏன், எப்படி என்று கேளுங்கள். விடை காணும்வரை ஓயாதீர்கள். மலைமேல் பிறந்த நீங்களும் அவர்போல் உயர்வீர்கள்.