ஸ்நோஷூ தாம்சன்

ஸ்நோஷூ தாம்சன் (ஏப்ரல் 30, 1827 – மே 15, 1876) ஐக்கிய அமெரிக்காவின் சியேரா நெவாடா மலைத்தொடரைக் குளிர்காலங்களில் பனிச்சறுக்கிக் கடந்து அஞ்சல் சுமந்தவர் ஆவார். இவர் நோர்வேயின் டெலிமார்க் பகுதியில் பிறந்தார். இயற்பெயர் யோன் டோர்ஸ்டைன்சன் ரூ. பத்து வயதில் குடும்பத்துடன் அமெரிக்காவில் குடியேறினார். 1851 இல் தங்கம் தேடிக் கலிபோர்னியா சென்றார்.

பனிக்காலத்தில் மலையின் இருபுறமும் அஞ்சல் தொடர்பு அற்றுப்போவது வழக்கம். இளமையில் கண்ட முறையில் ஓக் மரத்தால் தாமே சறுக்குமட்டைகள் செய்துகொண்ட தாம்சன், 1856 சனவரியில் இப்பணியைத் தொடங்கினார். அம்மட்டைகள் ஏறத்தாழ 3 மீட்டர் நீளமானவை. அக்காலத்தில் அங்கு அவற்றையும் பனிக்காலணி என்றே அழைத்தனர். 'ஸ்நோஷூ' என்னும் பட்டப்பெயர் அதனால் வந்தது. பிளேசர்வில்லில் இருந்து, இன்றைய நெவாடா மாநிலத்திலுள்ள ஜெனோவா வரையான பாதை சுமார் 145 கிலோமீட்டர். செல்ல மூன்று நாட்களும் திரும்ப இரண்டு நாட்களும் ஆயின. போர்வை, துப்பாக்கி எதுவும் அவர் கொண்டுசெல்லவில்லை.

1856 டிசம்பரில், பாதங்கள் உறைந்த நிலையில் மலைக்குடிசையொன்றில் கிடந்த சிசன் என்பவரைக் கண்டு, ஜெனோவாவில் இருந்து ஆட்களை அழைத்துவந்து மீட்டார். பாதங்களை அகற்றும் அறுவைக்குக் குளோரோஃபார்ம் இல்லாததால், அதற்காகவே மீண்டும் மலையைக் கடந்தார்.

ஏறத்தாழ இருபது குளிர்காலங்கள் உழைத்தும் அரசு இவருக்கு ஊதியம் வழங்கவில்லை. வாசிங்டனுக்கே சென்று முறையிட்டும் பலனில்லை. ஜெனோவாவில் அடக்கம் செய்யப்பட்டார். இவரது கல்லறைக் கல்லில் குறுக்காக வைத்த இரு சறுக்குமட்டைகள் செதுக்கப்பட்டுள்ளன. பெயரில் ஓர் எழுத்து விடுபட்டுள்ளது.