ரோஜே என்னும் சொற்றொகுப்பாளர்

ஆங்கிலக் கட்டுரை வரையுங்கால் ஏற்ற சொல் அகப்படாது இடர்ப்படும் மாணாக்கர் நாடுவது ‘தெஸாரஸ்’ என்னும் நூல். அதனைத் தொகுத்த பீட்டர் மார்க் ரோஜே தொழிலால் வைத்தியர் என்பதை அறிந்தார் சிலரே.

1779-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் லண்டன் மாநகரிற் பிறந்த இவர், ஜினீவா நாட்டுக் குருவாகிய தந்தையை நான்கு வயதில் இழந்தார். எடின்பரோவிற் பயின்று 19-ஆம் வயதில் வைத்தியப் பட்டம் பெற்றார். 1805-இல் மான்செஸ்டர் மருத்துவசாலையில் அமர்ந்திருந்தபோது, தம் எழுத்து வேலைக்குத் துணையாகச் சொற்களைப் பொருள்வகையாற் பகுத்து ஒரு சிறு சுவடி எழுதி வைத்தார். 1818-இல் இவரது பராமரிப்பிலிருந்த அம்மான் ஸர் ஸாமுவேல் ராமிலி, மனைவியை இழந்த துயரால் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். 1833-இல் ரோஜேயின் மனைவியாரும் மறைந்தார். இத்துயரங்களுக்கிடையே சொற்களை ஒழுங்குபடுத்தும் பணி இவருக்கு ஓர் ஆறுதலாய் இருந்திருக்குமென்றே யாம் கருதுகிறோம்.

ராயல் சொஸைட்டியின் காரியதரிசியாய் 1827 முதல் 1848 வரை உழைத்து ஓய்ந்த பின்னரே பழைய சுவடியை மீண்டும் கையிலெடுத்தார். 1852-இல், தமது 73-ஆம் வயதில், 1000 தலைப்புகளாக விரித்து அச்சேற்றினார். அகராதி சொல்லினின்று பொருளுக்குச் செல்வது. இந்நூலோ பொருளினின்று சொல்லுக்கு வருவது. நம் நாட்டு அமரகோசத்தையும் இவர் அதிற் குறித்துள்ளார். ஆயின் அதன் பகுப்பு முறையை மெச்சினாரல்லர்!

ஓரினச் சொற்களை ஓரிடத்திற் கூட்டிய ரோஜே, அவற்றின் நுண்ணிய வேறுபாட்டை விளக்கப் புகவில்லை. அது தனியோர் ஆராய்ச்சியென விலகிவிட்டார். ஜார்ஜ் கிராப் என்பார் 1816-லேயே அவ்வழியில் ஒரு பெருநூல் இயற்றியிருந்தார். தாய்மொழியாளர்க்குச் செவியே வழிகாட்டும். எம்மனோர்க்கோ அத்துணை இல்லை. ‘பேமஸ்’, ‘நொட்டோரியஸ்’ இரண்டும் பலரறிந்தாரைக் குறிப்பனவே. எனினும் கொடையாளர் ஒருவரைப் பின்னதாற் புகழின், புகழ் பழியாய் முடியும். மெல்லியலாளை ‘ஸ்லெண்டர்’ என்றால் மகிழ்வாள். ‘ஸ்கின்னி’ என்றால் எலும்புந் தோலுமானாள் என்று இகழ்ந்ததாகக் கொள்வாள். எம் கையிலுள்ள பிரதியின் ஓரங்களில் இத்தகைய வேறுபாடுகளைப் பென்ஸிலாற் குறித்துக் குறித்து இடமின்றிப் போயிற்று.

ரோஜே இறுதிவரை தம் நூலைத் திருத்திக்கொண்டேயிருந்து, 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் வெஸ்ட் மால்வெர்னில் 90-ஆம் வயதிற் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும் சேர்த்து, மைந்தர் ஜான் லூயிஸ் 1879-இல் அந்நூலை விரிவாக்கி வெளியிட்டார்.