டோர்னக்கல் அத்தியட்சர் அசரியா

காஜிப்பேட்டை, விஜயவாடா மார்க்கமாகத் தாயகம் செல்லும் நம் காலனிக் குடும்பத்தார் அனைவரும் டோர்னக்கல் ஜங்ஷனைக் கடந்தே செல்கின்றனர். சிங்கரேணி நிலக்கரிப் பகுதிக்குக் கிளைப்பாதை பிரியும் ஊர் என்ற அளவிலேயே எம்போன்ற இரயில்வே ஊழியர் அதனை அறிவர். அவ்வூரில் தென்கோடித் தமிழர் ஒருவர் 35 ஆண்டுகள் வாழ்ந்து, திருச்சபை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் உரியதன்று என்பதைச் செயலிற் காட்டினார்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில், ஒரு குருவானவரின் மைந்தராகப் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றும் பட்டம் பெறாமலே வெளியேறினார். (பின்னாளில், 1920இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமே அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட எம்மவர்க்கு இஃது ஓர் ஆறுதல்!) 1895 முதல் கிறிஸ்தவ வாலிபர் சங்கச் செயலாளராக ஊர் ஊராகச் சுற்றினார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, ஆங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் சொந்தப் பொருளைக்கொண்டே அயலிடங்களுக்கு ஊழியரை அனுப்புதல் கண்டு நாணினார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அச்சங்கம் தேர்ந்துகொண்ட களமே நிஜாம் இராச்சியத்து டோர்னக்கல். 1909இல் குருப்பட்டம் பெற்று அவரே அங்குச் சென்றார்.

1910இல் எடின்பரோ மாநாட்டில், மேனாட்டுப் பாதிரிமார் இந்தியரோடு சமமாகப் பழகுவதில்லை என்னும் குறையை அவையறிய எடுத்துரைத்தார். அன்றைய நாளில் அதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவருக்கு அத்தியட்சர் பட்டம் சூட்டப்பெற்றது. ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

தெலுங்கைக் கற்று, அம்மொழியிலேயே போதித்தார். சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியிற் பயணம் செய்தார். அவர்தம் மக்களிற் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட குலத்து நிலமற்ற கூலிகள். அவர்களிடம் அழுக்கு, நோய், கடன், குடி ஆகியவற்றை ஒழிப்பதும் பக்தியின் பகுதியே என்றார். சிற்றூர்தோறும் ஓர் உபதேசியார், பகலெல்லாம் வயலில் உழைத்தவர்க்கு மாலையிலே வழிபாடு, பிள்ளைகளுக்குப் பள்ளி. கூட்டுறவுச் சங்கங்களும் மருத்துவ நிலையங்களும் எழுந்தன. பெண்களிடையே அவர்தம் துணைவியார் அன்பு மரியம்மாள் பணிபுரிந்தார். ஏழைகளாயினும் அவர்கள் கொடுத்துப் பழகவேண்டும் என்பதில் அத்தியட்சர் கண்டிப்பாக இருந்தார். காசில்லாதவர் தானியமோ கோழியோ கொணர்ந்தனர். வாங்கியே வாழும் சபை தன் காலில் நில்லாது என்பது அவர் துணிபு. ஞானஸ்நானம் பெற்றவர் தம் தலைமேற் கைவைத்து, தாம் பெற்ற நற்செய்தியைப் பிறர்க்கும் உரைப்பதாக உறுதி கூறும் முறையையும் ஏற்படுத்தினார்.

மிகக் கடினமாயிருந்தது சாதியே. மாலாவும் மாதிகாவும் தம்முள் ஒருங்கே உண்ணாதவர். அவர்களைத் திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் பருகுமாறு செய்தார். வேற்றுமை அதனால் முற்றும் ஒழிந்துவிடவில்லை; கிண்ணத்தருகே கூடியவர் கிணற்றருகே பிரிந்ததும் உண்டு.

1930க்குப் பின் காந்தியடிகள் இத்தகைய கூட்ட மதமாற்றங்களை வன்மையாகக் கண்டித்தார். அசரியா தம் வழியை விடவில்லை. ஆயினும் கிறிஸ்தவர்க்குத் தனித்தொகுதி தர அரசினர் முன்வந்தபோது அதனை எதிர்த்தார். திருச்சபை தன் நலம் பேணும் ஓர் அரசியற் கூட்டமாகிவிடலாகாது என்று அஞ்சினார். ஆள் தொகை பெருக்குவதே அவர் நோக்கமென்று குறை கூறுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

1939இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற டோர்னக்கல் பேராலயத்தில் இந்துக் கோயிற் தூண்களும் இசுலாமியக் கும்மட்டங்களும் ஒருங்கே அமைந்துள்ளன. அயல்நாட்டுக் கட்டடமாக அது தோன்றலாகாதென்பது அவர் விருப்பம்.

பல சபைகளாகப் பிரிந்து கிடந்த தென்னிந்தியக் கிறிஸ்தவரை ஒன்றாக்க 1919இல் தரங்கம்பாடியிற் கூடிய காலந்தொட்டு உழைத்தார். 1945ஆம் ஆண்டின் முதல் நாளன்று டோர்னக்கலிலே மறைந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பெற்றார். அவர் நாடிய தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் உருவாயிற்று.