தொண்டு செய்து கொண்டாடும் பிறந்த நாள்

அமெரிக்காவில் ஜனவரி மாதம் 3-வது திங்கட்கிழமை அரசு விடுமுறை.

ஆனால் சட்டக் கல்லூரிகள் பலவற்றில் அன்று மாணவர்களும் பேராசிரியர்களும் வீட்டில் இருப்பதில்லை. சட்டப் புத்தகங்களை மூடி வைத்துவிட்டு வெளியே கிளம்பி விடுகிறார்கள். பள்ளிக்கூடச் சுவர்களுக்கு வர்ணம் பூசுகிறார்கள். ஏழைகளுக்கு உணவுப் பொட்டலம் கட்டுகிறார்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு உதவுகிறார்கள்.

எல்லாம் ஒரு மனிதரின் நினைவாக!

அவர் வக்கீல் அல்ல, பாதிரியார். பெயர், மார்ட்டின் லூதர் கிங்.

பிரிந்த தோழன்

கிங் 1929-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி அட்லாண்டா நகரில் பிறந்தார். தந்தையும் பாதிரியார்தான்.

சிறு வயதில் அவருக்கு ஒரு வெள்ளைக்காரத் தோழன் இருந்தான். இருவருக்கும் பள்ளி செல்லும் வயது வந்தது. வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு வேறு பள்ளி. இனி கிங்குடன் விளையாடக் கூடாது என்று தோழனின் தந்தை தடுத்துவிட்டார். அந்தப் புண் கிங்கின் மனதில் ஆறவே இல்லை.

15 வயதில் கல்லூரியில் சேர்ந்தார். 1955-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவர் மாண்ட்கோமரி நகரில் பாதிரியாராக இருந்தார்.

எழுந்திருக்க மறுத்த பெண்

அந்த நகரத்து பஸ்களில் முன் இருக்கைகள் வெள்ளையருக்கு. பின் இருக்கைகள் கறுப்பருக்கு. நடுவில் உட்கார்ந்த கறுப்பரும், வெள்ளையருக்கு இடம் இல்லாவிட்டால் எழுந்துவிட வேண்டும்.

1955 டிசம்பர் 1-ந் தேதி மாலை, ரோசா பார்க்ஸ் என்ற தையல்காரப் பெண் வேலை முடிந்து பஸ்சில் வந்தார். டிரைவர் எழுந்திருக்கச் சொன்னார். அவர் மறுத்தார். போலீசார் கைது செய்தனர்.

கறுப்பர்கள் கொதித்தெழுந்தனர். டிசம்பர் 5-ந் தேதி முதல் யாரும் பஸ் ஏறவில்லை. தலைமை தாங்க 26 வயது கிங்கைத் தேர்ந்தெடுத்தனர்.

381 நாட்கள்

சமையல்காரிகளும் கூலியாட்களும் பல மைல் தூரம் நடந்தே வேலைக்குப் போனார்கள். கார் வைத்திருந்தவர்கள் நடப்பவர்களை ஏற்றிச் சென்றார்கள். இதற்காக சுமார் 300 கார்கள் ஓடின.

1956 ஜனவரி 30-ந் தேதி இரவு கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. உள்ளே மனைவியும், பிறந்து 3 மாதம்கூட ஆகாத பெண் குழந்தையும் இருந்தனர். நல்ல வேளையாக இருவரும் பிழைத்தனர். ஆத்திரத்துடன் திரண்ட மக்களை அமைதிப்படுத்தி, வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார் கிங்.

மறுபுறம், பிரெட் கிரே என்ற இளம் வக்கீல் கோர்ட்டுக்குப் போனார். கறுப்பர் என்பதால் சொந்த மாநிலத்துச் சட்டக் கல்லூரியில் அவருக்கு இடம் இல்லை. ஓகியோ மாநிலம் சென்று சட்டம் படித்துத் திரும்பியவர் அவர். பஸ்சில் அவமதிக்கப்பட்ட பெண்கள் சிலர் சார்பில் வழக்குப் போட்டார்.

நவம்பர் 13-ந் தேதி, கார்கள் ஓடுவதைத் தடுக்கும்படி நகர நிர்வாகம் கேட்ட வழக்கு விசாரணைக்கு வந்தது. கிங் கோர்ட்டில் கவலையோடு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. பஸ்களில் நிற வேற்றுமை செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது!

டிசம்பர் 21-ந் தேதி கிங் பஸ்சில் ஏறி, முன் இருக்கையில் அமர்ந்தார்.

குப்பை அள்ளுவோருக்காக

1959-ல் மனைவியுடன் இந்தியா வந்து, காந்தியடிகளின் சமாதியில் வணங்கினார். 1963-ல் வாஷிங்டனில் அவர் பேச்சைக் கேட்க சுமார் 2½ லட்சம் பேர் கூடினர். மறு ஆண்டு சம உரிமைச் சட்டம் வந்தது. நோபல் பரிசும் கிடைத்தது. பரிசுப் பணம் சுமார் 54 ஆயிரம் டாலரை இயக்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

1968-ல் மெம்பிஸ் நகரத்துக் குப்பை அள்ளும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில், ஏப்ரல் 4-ந் தேதி கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.

அவர் பிறந்த நாளை ஒட்டி விடுமுறை விட 1983-ல் சட்டம் இயற்றப்பட்டது. 1994-ல் அது தொண்டு செய்யும் நாளாகவும் ஆக்கப்பட்டது.

மாண்ட்கோமரியில் தீர்ப்பு எழுதியவர்கள் நீதிபதிகள். தீர்ப்பு நடைமுறைக்கு வரும் வரை 381 நாட்கள் போராட்டத்தைத் தாங்கியவர்கள், நடந்தவர்களும் கார் ஓட்டியவர்களும். நாளை வக்கீல் ஆகப் போகிறவர்கள் அந்த ஒரு நாளில் வர்ணவாளியைக் கையில் எடுப்பது, அவர்களை மறக்காமல் இருப்பதற்காகத்தான்.