எடிசனின் ஃபோனோகிராஃப்: ஒரே பெயர், உள்ளே வேற மெஷின்! பின்னணி என்ன?

தாமஸ் ஆல்வா எடிசன் என்றதும் நமக்கு பல்புதான் ஞாபகம் வரும். ஆனா அவரை முதலில் ஊரறியச் செய்தது ஃபோனோகிராஃப். 1877-ல், 30 வயதில் அவர் வரைந்து கொடுத்த படத்தை வைத்து ஜான் க்ரூசி என்ற உதவியாளர் செய்த மெஷின் அது. ஒரு உலோக உருளை, அதன் மேல் சுற்றிய வெள்ளீயத் தாள், ஒரு ஊசி, சுற்ற ஒரு கைப்பிடி. எடிசன் குழந்தைப் பாட்டு ஒன்றைச் சொல்ல, மெஷின் அதைத் திருப்பிச் சொன்னது.

தாள் சில தடவை ஓடினாலே கிழிந்துவிடும். எடிசனும் அதை அப்படியே விட்டுவிட்டு மின்விளக்கு பக்கம் போய்விட்டார். அந்த இடைவெளியில் கிரகாம் பெல்லின் குழு, மெழுகில் ஒலியைப் பதியும் கருவியைக் கொண்டு வந்தது. அதன் பிறகுதான் எடிசனுக்கு ரோஷம் வந்தது. 1888-ல் மெழுகு உருளையோடு திரும்பி வந்தார். 1890-ல் பொம்மைக்குள் குட்டி ஃபோனோகிராஃபை வைத்து விற்றார். சில வாரங்களிலேயே கடையை மூட வேண்டியதாயிற்று.

பெட்டியைப் பார்த்து ஏமாறக் கூடாது

1896-ல் நேஷனல் ஃபோனோகிராஃப் கம்பெனியைத் தொடங்கி, ஸ்பிரிங்கில் ஓடும் மெஷின்களை வீடுகளுக்கு விற்கத் தொடங்கினார். ஹோம், ஸ்டாண்டர்டு, ஜெம் எல்லாம் அப்போது வந்தவைதான். பெயர் மாறாது, மெஷின் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

முதலில் வந்த ஸ்டாண்டர்டின் மூடி தட்டையாக இருக்கும், பிறகு வந்ததில் வளைந்திருக்கும். 1899-ல் ஏழரை டாலருக்கு வந்த ஜெம், கறுப்பு நிறம். சாவி கொடுத்து ஓட்ட வேண்டும். பின்னாடி சாவி போய் கைப்பிடி வந்தது, கடைசியில் நிறமே மெரூன் ஆனது.

பெரிய குழப்பம் 1908-ல்தான். அதுவரை ஒரு உருளை 2 நிமிடம் பாடும். அங்குலத்துக்கு 100 வரி. புதிதாக வந்த ஆம்பரால் உருளையில் 200 வரி, 4 நிமிடம். அப்போ ஏற்கனவே வாங்கியவர்கள் கதி? பழைய மெஷினில் மாட்டிக்கொள்ள கியர் செட்டையும் தனியாக விற்றார் எடிசன். அதனால்தான் இன்று கிடைக்கும் பழைய பெட்டி ஒரு வருடத்தைச் சொல்லும், உள்ளே இருக்கும் கியர் இன்னொரு வருடத்தைச் சொல்லும். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது சீரியல் நம்பர் தகட்டை.

விட்டுக்கொடுக்காத மனுஷன்

இதற்குள் எமில் பெர்லினரின் தட்டு வழியில் வந்த விக்டர் கம்பெனி சந்தையைப் பிடித்துவிட்டது. தட்டை அச்சடிப்பது சுலபம், அடுக்கி வைப்பதும் சுலபம். எடிசன் 1912-ல்தான் தட்டுக்கு இறங்கி வந்தார். அதிலும் பிடிவாதம்! மற்றவர்கள் தட்டில் ஊசி பக்கவாட்டில் அசையும், இவர் தட்டில் மேலும் கீழும். வைர ஊசி, தடிமனான தட்டு, தெளிவான ஒலி. ஆனா அடுத்தவர் மெஷினில் சரியாக ஓடாது.

சிறு வயதிலிருந்தே அவருக்குக் காது சரியாகக் கேட்காது. மெஷினின் மரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, அந்த அதிர்வில் பாட்டுக் கேட்டவர், பாடகர்களையும் தானே தேர்வு செய்தார். ஆரம்பகாலத் தட்டுகள் பலவற்றில் பாடியவர் பெயரே இருக்காது. அந்தப் பக்கம் விக்டரோ கரூசோ பெயரைச் சொல்லியே விற்றுக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் தோற்றது மெஷின் இல்லை, எடிசன்தான் என்று சொல்லலாம்.

இசைத்தட்டுத் தொழிலை 1929-ல் நிறுத்தினார், 1931-ல் மறைந்தார். அந்த 1929 வரைக்கும், பழைய மெஷின் வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்காக உருளைகளும் வந்துகொண்டுதான் இருந்தன. அவற்றில் பல, தட்டில் பதிந்த பாட்டை மறுபடி உருளைக்கு மாற்றியவை.